படுக்கையிலிருந்து மலை உச்சிக்கு

உடற்பயிற்சி என்றதும் நம்மில் பலருக்கு விடியற்காலையில் எழுந்து தண்டால் எடுப்பதுதான் ஞாபகம் வரும். நாலு நாள் எடுப்போம். ஐந்தாம் நாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்குவோம். சின்ன வயசிலிருந்தே வீசிங் உள்ள எனக்கு அந்த நாலு நாள்கூட கிடையாது. அதனால்தானோ என்னவோ, அமெரிக்காவின் 26-வது ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மீது எனக்குத் தனிப் பிரியம்.

1858-ல் நியூயார்க்கில் பிறந்தவர். வசதியான குடும்பம். வசதி இருந்து என்ன செய்ய? கடுமையான ஆஸ்துமா. பல இரவுகள் உட்கார்ந்தபடியே கழிந்தன. 12 வயது வாக்கில், புத்தி மட்டும் வளர்ந்தால் போதாது, உடம்பையும் நீதான் உருவாக்கிக்கணும் என்று தந்தை எடுத்துச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் வீட்டிலேயே சிறு உடற்பயிற்சிக்கூடம் அமைத்துக் கொடுத்தார்.

பிறகு ஒரு பயணத்தில் இரண்டு பையன்கள் இவரைச் சீண்டி விளையாட, திருப்பி ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊர் திரும்பியதும் குத்துச்சண்டை கற்கத் தொடங்கினார். ஹார்வர்டில் படிக்கும்போது 1879-ல் போட்டியில் இறங்கி இறுதிச் சுற்றில் தோற்றார். கோப்பை கிடைக்கலை. ஆனாலும் ஆட்டத்தை விடலை.

1880-ல் டாக்டர் ஒருவர் இதயம் பலவீனம், மாடிப்படி ஏறி ஓடக் கூடாது என்று எச்சரித்தார். மறு வருடமே மனிதர் 4,478 மீட்டர் உயர மேட்டர்ஹார்ன் சிகரத்தில் நின்றார்! (நாம டாக்டர் பேச்சைக் கேட்டே நடப்போம்.)

1884 பிப்ரவரி 14 அன்று ஒரே நாளில் தாயையும் மனைவியையும் இழந்தார். துக்கத்தைச் சுமந்துகொண்டு டகோட்டா மாட்டுப் பண்ணைக்குப் போனார். அங்கே நாள் முழுக்கக் குதிரைச் சவாரி, மந்தை ஓட்டும் வேலை. உடம்பு இறுகியது, மனசும் தேறியது.

1901 முதல் 1909 வரை ஜனாதிபதி. அத்தனை வேலைக்கு நடுவிலும் டென்னிஸ், மல்யுத்தம், ஜப்பானிய ஆசிரியரிடம் ஜூடோ. நண்பர்களோடு ராக் கிரீக் காட்டில் நடை. பாறை வந்தால் ஏறணும், ஓடை வந்தால் நீந்தணும், சுற்றிப் போகக் கூடாது, இதுதான் விதி. ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியில் இடது கண் பார்வை பாதிக்கப்பட்டது. குத்துச்சண்டையை விட்டார், ஆனால் நடையும் குதிரையும் நிற்கவில்லை. 1909 ஜனவரியில், 50 வயதில், குளிரில் ஒரே நாளில் சுமார் 157 கிலோமீட்டர் குதிரையில் போய் வந்தார்.

ஆஸ்துமா அவரை முழுசா விட்டுவிடவில்லை, அவ்வப்போது வந்தது. 1914-ல் பிரேசில் காட்டுப் பயணத்தில் காய்ச்சலும் கால் புண்ணும் உடம்பை உருக்கின. 1919 ஜனவரி 6-ல் தூக்கத்திலேயே காலமானார். வயது 60.

இவரிடம் நான் கற்றது ஒன்றுதான். ஒரே பயிற்சியைக் கட்டிக்கொண்டு அவர் அழவில்லை. ஒன்று போனால் இன்னொன்று. பிடித்ததைச் செய்தார், அதனால்தான் விடாமல் செய்தார். நண்பர்களே, தண்டால் பிடிக்கலையா? விடுங்கள். கபடி இருக்கு, கேரியர் இல்லாத பழைய சைக்கிள் இருக்கு, ஊர்க் கிணற்றில் நீச்சல் இருக்கு. மூன்றாம் வருட ரெக்கார்டு நோட்டும் டிராயிங் ஷீட்டும் கிரவுண்டை மறக்கடிக்க விடாதீர்கள். வீசிங்கை ஒரு சாக்காகச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். இப்போது டாக்டரைக் கேட்டுக்கொண்டு தினமும் ஷட்டில் ஆடுகிறேன். எதிர்ப்பக்கம் ஆட ஆள் தேவை. வருகிறீர்களா?