பத்தின் கூறு கண்ட சைமன் ஸ்டெவின்

இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள புரூஜ் நகரில் 1548ஆம் ஆண்டு சைமன் ஸ்டெவின் பிறந்தார். இளமையில் வணிகர்களிடம் கணக்கெழுதினார். பின்னர் வரி அலுவலகத்தில் பணிபுரிந்தார். ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 35.

கணக்கறியாத எளியோர் ஏமாறுவதை அவர் அறிந்திருந்தார். பணம் கடன் கொடுப்போர் வட்டி அட்டவணைகளைப் பிறர் காணாது மறைத்து வைத்த காலம் அது. ஸ்டெவின் 1582இல் அவற்றை நூலாகவே வெளியிட்டார்.

பின்னங்களும் மக்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தன. ஒரு துணி ஐந்தில் இரண்டு முழம்; மற்றொன்று எட்டில் மூன்று முழம். இவற்றுள் நீளமானது எது? இரண்டையும் நாற்பதின் கூறுகளாக மாற்றிய பின்னரே விடை கிடைக்கும். இத்தொல்லையைப் போக்க, ஒன்றுக்குக் குறைந்த அளவுகளையும் பத்துப் பத்தாகவே பகுக்க வேண்டும் என ஸ்டெவின் கருதினார்.

ஒன்றின் இடத்திற்கு வலப்புறம் பத்திலொன்று, அடுத்து நூறிலொன்று, அதற்கடுத்து ஆயிரத்திலொன்று. இம்முறையில் அவ்விரு அளவுகளும் 0.4, 0.375 என அமையும். இலக்கங்கள் மிகுந்திருப்பதால் 0.375 பெரிதாகிவிடாது. பத்திலொன்றாம் இடத்தில் 4, 3ஐ விடப் பெரியது, எனவே 0.4 முழமே நீளமானது. கூட்டவும் கழிக்கவும் 0.4ஐ 0.400 என எழுதி, இடத்தின்கீழ் இடம் வருமாறு அமைத்தால் போதும். கூடுதல் 0.775, வேறுபாடு 0.025.

இம்முறையை விளக்கும் 'டி தீண்டே' என்னும் சிறுநூலை 1585இல் ஸ்டெவின் வெளியிட்டார். நில அளவையாளர், துணி அளப்போர், வானியலார் ஆகியோர்க்காக அதனை எழுதினார். அவர் புள்ளி இடவில்லை. ஒவ்வோர் இலக்கத்தின் இடத்தையும் வட்டமிட்ட எண்ணால் குறித்தார். புள்ளி பின்னரே பரவியது.

தசம முறையை முதன்முதல் கண்டவர் அவரல்லர். சமர்கந்து நகரின் அல்காஷி முதலியோர் அவருக்கு முன்பே அதனைக் கையாண்டனர். இடமதிப்பும் சுழியமும் இந்தியாவிலிருந்து அரேபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தவை. ஆயினும், அங்கு இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்த பெருமை ஸ்டெவினையே சாரும்.

அறிஞர்கள் இலத்தீனில் எழுதிய அக்காலத்தில், அவர் தம் தாய்மொழியாகிய டச்சு மொழியில் எழுதினார். இல்லாத கலைச்சொற்களைத் தாமே ஆக்கினார். கணிதத்தைக் குறிக்க அவர் அமைத்த சொல் இன்றும் அம்மொழியில் வழங்குகிறது.

இளவரசர் மாரிஸின் ஆசிரியராகவும் பொறியாளராகவும் விளங்கிய ஸ்டெவின் 1620இல் மறைந்தார். நாணயங்களும் பத்தின் அடிப்படையில் அமைய வேண்டும் என்பது அவர் விருப்பம். 16 அணாவாக இருந்த நமது ரூபாய், 1957 ஏப்ரல் 1 முதல் 100 காசுகளானது. கடையில் நாம் பெறும் ஒவ்வொரு விலைச்சீட்டிலும் அவர் விருப்பம் நிறைவேறியிருப்பதைக் காணலாம்.

சொற்பொருள்
கூறு – பகுதி
சுழியம் – பூச்சியம்
இலக்கம் – எண்குறி

வினாக்கள்
1. ஸ்டெவின் தாய்மொழியில் நூல் எழுதியதால் யார் பயன்பெற்றனர்?
2. 2.5, 2.45 ஆகியவற்றுள் பெரியது எது? காரணத்தை இரண்டு தொடர்களில் எழுதுக.
3. வீட்டிலுள்ள விலைச்சீட்டு ஒன்றின் தொகைகளை இடமதிப்புப்படி எழுதிக் கூட்டுக.