எலினார் டேர்

1587ஆம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து மூன்று கப்பல்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்டன. அவற்றில் சென்ற குடியேறிகளுள் பதினேழு பெண்களும் ஒன்பது சிறுவர்களும் இருந்தனர். ஈராண்டுகளுக்கு முன் அதே கரைக்குச் சென்ற கூட்டத்தில் ஆடவர் மட்டுமே இருந்தனர், கோட்டை கட்டினர், பூர்வகுடித் தலைவர் விங்கினாவைக் கொன்றனர், ஓராண்டிற்குள் ஊர் திரும்பினர். இம்முறை சென்றவர்களோ உழுது வாழச் சென்றவர்கள். குடும்பம் ஒன்றுக்கு 500 ஏக்கர் நிலம் தருவதாக சர் வால்டர் ராலே வாக்களித்திருந்தார். அப்பெண்களுள் ஒருவரே எலினார் டேர்.

எலினாரின் தந்தை ஜான் ஒயிட் ஓவியர். புதிய குடியேற்றத்தின் ஆளுநரும் அவரே. கணவர் அனனியாஸ் டேர் லண்டனில் ஓடு வேய்ந்தும் செங்கல் அடுக்கியும் பிழைத்தவர். முந்தைய பயணத்தின்போது ஒயிட் தீட்டிய வண்ணப்படங்கள் இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. தலைவர் ஒருவரின் மனைவியும் அவர்தம் சிறுமகளும் நிற்கும் படத்தில், அச்சிறுமியின் கையில் ஆங்கில நாட்டுப் பொம்மை ஒன்று இருக்கிறது. அப்படத்தை எலினாரும் கண்டிருக்கக்கூடும். வயிற்றில் பிள்ளையுடன் கப்பலேறியவருக்கு அது என்ன நம்பிக்கையைத் தந்ததோ!

அவர்கள் செல்ல எண்ணிய இடம் செசபீக் விரிகுடா. மாலுமி சைமன் பெர்னாண்டஸோ, வழியிலிருந்த ரோவனோக் தீவிலேயே அனைவரையும் இறக்கிவிட்டார். பழைய கோட்டை இடிந்து கிடந்தது. வீடுகளினுள் முலாம்பழக் கொடிகள் படர்ந்திருக்க, மான்கள் புகுந்து மேய்ந்துகொண்டிருந்தன. காவலுக்கு முன்னர் விட்டுச்செல்லப்பட்ட பதினைந்து பேருள் ஒருவரின் எலும்புகளே எஞ்சியிருந்தன. நிறைமாதச் சூலியான எலினார் குடிபுகுந்த இல்லம் இத்தகையது. கரை சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நண்டு பிடிக்கத் தனியே சென்ற ஜார்ஜ் ஹவ் அம்புபட்டு மாண்டார். முன்னவர் செய்த கொலைக்குப் பின்னவர் கொடுத்த விலை அது.

ஆகஸ்ட் 18ஆம் நாள் எலினார் பெண்மகவை ஈன்றார். அமெரிக்க மண்ணில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்த முதற்குழந்தை அது. வர்ஜீனியா எனப் பெயரிட்டனர். சில நாள்களில் மார்ஜரி ஹார்வி என்பவரும் தாயானார்.

விதைக்கும் பருவம் கடந்துவிட்டது, உணவு போதாது. உதவி பெற்றுவர ஆளுநரே இங்கிலாந்து செல்ல வேண்டுமென மக்கள் வற்புறுத்தினர். ஒயிட் முதலில் மறுத்தார்; பின்னர் இசைந்தார். அவர் கப்பலேறியது ஆகஸ்ட் 27. பேத்திக்கு அன்று ஒன்பது நாள். மகளிடம் அவர் விடைபெற்றதைப் பற்றி அவருடைய குறிப்பில் எதுவும் இல்லை.

1588இல் ஸ்பெயினின் பெருங்கப்பற்படை இங்கிலாந்தை நோக்கி வந்தது. கப்பல்கள் அனைத்தும் போருக்கென நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு இரு சிறு கலங்களில் புறப்பட்ட ஒயிட்டைப் பிரெஞ்சுக் கொள்ளையர் வழிமறித்தனர். மூன்றாண்டுகளுக்குப் பின், 1590 ஆகஸ்டில்தான் அவரால் ரோவனோக்கை அணுக முடிந்தது. கரையேறும் முயற்சியில் ஏழு மாலுமிகள் மூழ்கினர். இரவெல்லாம் எக்காளம் ஊதி, நாட்டுப்பாடல்களைப் பாடி அழைத்தனர்; மறுகுரல் எழவில்லை. விடிந்த நாள் வர்ஜீனியாவின் மூன்றாம் பிறந்தநாள். வீடுகள் பிரித்தெடுக்கப்பட்டிருந்தன. கம்பம் ஒன்றில் குரோவட்டோன் என்னும் சொல் செதுக்கப்பட்டிருந்தது. அது தெற்கே இருந்த நட்புத் தீவின் பெயர். ஆபத்து நேர்ந்தால் பெயருடன் பொறிக்குமாறு சொல்லிச்சென்ற சிலுவைக்குறி அங்கில்லை. ஒயிட்டின் நெஞ்சில் நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் புயல் நங்கூரங்களைப் பறித்துக்கொண்டது, கப்பல் திரும்பிற்று. மகளையும் பேத்தியையும் அவர் பின்னர்க் காணவேயில்லை.

1937இல், எலினார் தம் தந்தைக்குச் செதுக்கியதாகக் கூறப்படும் கல் ஒன்று வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த பல கற்கள் போலியென மெய்ப்பிக்கப்பட்டன. முதற்கல்லைப் பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை. ஐயமற எலினாருடையது என்று காட்ட ஒரு வரியேனும் நமக்குக் கிட்டவில்லை. தந்தை, கணவர், மகள் ஆகியோர் வழியாகவே வரலாறு அவரை அறிகிறது. வட கரோலினாவின் டேர் மாவட்டமும் மகளின் நினைவாகவே பெயர்பெற்றது.

ஒயிட் விட்டுச்சென்ற பட்டியலில் பெண்களின் பெயர்கள் தனியே வரிசையாக உள்ளன. அம்மண்ணில் பிறந்த குழந்தைகள் இருவரும் அதில் உள்ளனர். ஒன்று வர்ஜீனியா டேர். மற்றதற்கு ஹார்வி என்னும் குடும்பப்பெயர் மட்டுமே காணப்படுகிறது.