புதுவைத் தலைவர் எதுவார் குபேர்

காரைக்கால் வாழும் நம் அன்பர்களுள் முதியோர் சிலர்க்கு எதுவார் குபேர் என்னும் பெயர் இன்றும் நினைவிலிருக்கும். ஏனையோர்க்கு அது புதுவைக் கடற்கரைச் சாலைக்கும் பெரிய அங்காடிக்கும் இட்ட பெயராக மட்டுமே தெரியும். நம் புராணத்து நிதிக்கடவுளோடு இப்பெயர்க்கு யாதோர் உறவுமில்லை. இது பிரெஞ்சுக் குடும்பப் பெயர். ஆயினும் வாக்கு என்னும் செல்வத்தை இவர்போற் குவித்தவரும், குவித்ததைத் தம் கண்முன்னே பிறர் கைக்கொள்ளக் கண்டவரும் நம் பக்கத்தில் மிகச் சிலரே. ஆதலின் இவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1894-ஆம் ஆண்டு புதுவையிற் பிறந்தார். தந்தை வழி பிரெஞ்சு மரபு. தாய் வழி இந்திய மரபு. பிரான்சு தேசஞ் சென்று சட்டம் பயின்று மீண்டு, நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தார். அரசியலில் இவர் பெயர் ஓங்கியது ஐம்பது வயதைக் கடந்த பின்னரேயாம்.

1946-இல் வ. சுப்பையா முதலியோர் நடத்திய தேசிய ஜனநாயக முன்னணி பிரெஞ்சிந்தியத் தேர்தலிற் பெருவெற்றி கொண்டது. குபேரும் அம்முன்னணியில் இருந்தவரே. அடுத்த ஆண்டு, 1947 ஜூலையில், அதனினின்றும் பிரிந்து பிரெஞ்சிந்திய சோஷலிஸ்டுக் கட்சியைத் தோற்றுவித்தார். வென்ற கட்சியை உடைத்துத் தமக்கெனத் தலைமை அமைத்துக்கொண்ட இச்செயல், பின்னர் அவர்க்கே நேர்ந்ததற்கு முன்னோட்டம் போலும்.

அவருடைய தேர்தல் முறையை நம்மவர் அறிதல் வேண்டும். பிரெஞ்சுக்காரர் 1880-இல் கொம்யூன் என்னும் நகர சபைகளை இங்கு ஏற்படுத்தினர். காரைக்கால், திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஆறும் நம் பகுதிக் கொம்யூன்களாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர். வாக்காளர் பட்டியல் மேயரின் மேற்பார்வையில் இருந்தது, வாக்குச்சாவடியும் அவ்வாறே. எனவே ஆயிரம் வீட்டு வாயிலில் நின்று வாக்குக் கேட்பதினும் ஒரு மேயரைத் தம்மவராக்கிக்கொள்வது எளிதென்று குபேர் தெளிந்தார். மேயரைப் பிடித்தால் ஊர்த் தலைவர் வருவர். ஊர்த் தலைவர் வந்தால் ஊர் வரும். இம்முறையை அவர் புதிதாய்க் கண்டாரல்லர். அவர்க்கு அரை நூற்றாண்டு முன்னரே சண்முக வேலாயுத முதலியார் புதுவையில் ஆண்டதும் ஏறத்தாழ இவ்வழியே. ஆயினும் முதலியார்க்குப் பின்னே ஒரு பெருஞ்சாதியின் கட்டுப்பாடு நின்றது. குபேர்க்கு அத்தகைய பிறப்பு வலி யாதுமில்லை. சாதிகள் பலவற்றின் தலைவரையும் தனித்தனியே தம்பால் இழுத்துக்கொண்டதே அவர் திறமை.

1948 அக்டோபரில் நடந்த நகரசபைத் தேர்தலில் அவர் கட்சி பெரும்பான்மை கொண்டது. 1951 ஜூன் மாதத்தில் பாரிசு நகரத்து மன்றத்துக்குத் தெபுத்தே என்னும் பிரதிநிதியாக நின்றபோது, ஏறத்தாழ 90,000 வாக்குகள், நூற்றுக்கு 99 என்னும் வீதத்தில் அவர்க்கு விழுந்தன. முன்னைத் தெபுத்தேயான லம்பேர் சரவணர்க்குக் கிடைத்தது எண்ணத்தகாத சிறு தொகை. ஒரு வகுப்பில் நூற்றுக்கு 99 மாணாக்கர் ஒரே விடையை எழுதிவரின் ஆசிரியன் ஐயுறாதிருப்பானோ? அதே ஆண்டில் இங்கு வந்த அயல்நாட்டு நடுநிலைப் பார்வையாளரும் வாக்காளர் பட்டியல்களை நம்பத்தக்கனவாகக் கொள்ளவில்லை.

அக்காலத்தில் இந்திய சர்க்கார் எல்லையிற் சுங்கச் சாவடிகளை வைத்தமையின், தஞ்சை நிலம் சூழக் கிடக்கும் நம் காரைக்கால் மிக நெருக்குண்டது. பிரெஞ்சு ஆட்சி நெடுநாள் நில்லாதென்பது எவர்க்கும் புலனாயிற்று. 1954 மார்ச்சு மாதத்தில், அதுகாறும் பிரெஞ்சுப் பக்கம் நின்ற குபேர் சடுதியிற் பக்கம் மாறினார். புதுவை மேயர்கள் இந்தியாவோடு இணையத் தீர்மானித்தனர். காரைக்கால் மேயர்களும் உடன்பட்டனர். மாத முடிவில் நெட்டப்பாக்கத்திற் கொடியேற்றித் தற்காலிக ஆட்சி அமைத்தார். அவர்மேல் எழவிருந்த விசாரணைக்கு அஞ்சியே மாறினார் என்பர் ஒரு சாரார். காரணம் யாதாயினும், பயன் நாட்டுக்கு வந்தது. 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரிற் கூடிய பிரதிநிதிகள் 178 பேருள் 170 பேர் இணைப்புக்கும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். பொதுமக்கள் வாக்கெடுப்பு நடக்கவில்லை. முன்னைத் தேர்தல்களில் வென்று வந்தோரே நாட்டின் விதியைத் தீர்த்தனர். அவருட் பெரும்பாலோர் குபேர் கட்டிய அமைப்பின் வழி வந்தவர். நவம்பர் 1-ஆம் நாள் காரைக்கால் இந்தியக் கொடியின்கீழ் வந்தது.

இனி அவர் காங்கிரசுக்காரர். 1955 தேர்தலில் 39 இடங்களில் காங்கிரசும் மக்கள் முன்னணியும் ஏறக்குறைய ஒத்த வலியோடு நின்றன. 1958-இல் சபை கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுத் தேர்தலுக்குப் பின்னும் காங்கிரசே ஆண்டது. 1963 ஜூலை 1-இல் சட்டசபை ஏற்பட, குபேர் புதுவையின் முதல் முதன் மந்திரியானார். அப்போது அகவை 68.

அப்பதவி பதினைந்து மாதங்கூட நிலைக்கவில்லை. 1964 தேர்தலில் 30 இடங்களுள் 22 காங்கிரசுக்கு. கட்சி வென்றது; அவர் வென்றிலர். செப்டம்பரில் தலைமை வெங்கடசுப்ப ரெட்டியார்பாற் சென்றது. ரெட்டியார், குபேர் கொடியேற்றிய அதே நெட்டப்பாக்கப் பகுதியிற் செல்வாக்குடையவர். இங்கே ஒரு கணக்குண்டு. 22 பேர் கொண்ட கட்சியில் 12 பேர் ஒருமித்தால் தலைவர் மாறுவர். பத்தாயிரக்கணக்கான வாக்கைச் சேர்க்கும் வித்தை அந்தப் பன்னிருவரிடம் பயன்படாது. ஏனெனின் பழைய மேயர்க்கு மேலே பிரெஞ்சு கவர்னர் இருந்தார், அவர்க்கு வேண்டியது ஊரளவில் அதிகாரம். சட்டசபை உறுப்பினர் ஒவ்வொருவரும் தாமே மந்திரியாதற்கு உரியவர். முன்னவரை வசப்படுத்தத் தெரிந்தவர் பின்னவரைக் கட்டிவைக்க இயலாது போயினர் என்பது என் கருத்து.

ரெட்டியார்க்கும் அந்நாற்காலி உறுதியாயிற்றில்லை. 1967 ஏப்பிரலில் பாரூக் மரைக்காயர் 29 வயதில் முதன் மந்திரியானார். மறு ஆண்டு மார்ச்சில் ரெட்டியார் அதனை மீட்டார். செப்டம்பரில் அவரும் விலக, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1969-இற் பாரூக்கு மீண்டும் முதன் மந்திரியானபோது அவர் காங்கிரசினர் அல்லர், திராவிட முன்னேற்றக் கழகத்தினர். இவ்வளவையும் குபேர் உயிரோடிருந்து கண்டார். 1979 ஆகஸ்டில், தம் 85-ஆம் அகவையிற் காலஞ்சென்றார்.