மூன்று முறை தட்டப்பட்ட கதவு

இந்த மாதம் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கையைத் தியானிப்போம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி நமக்குத் தெரியாததா? ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக பஸ் ஏறினால் வேலூர்தான். எத்தனையோ குடும்பங்கள் அந்த வழியாகப் போய் சுகத்தோடு திரும்பியிருக்கின்றன.

ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி மிஷனெரி குடும்பத்தில் பிறந்தார். தாத்தாவும் டாக்டர், அப்பாவும் டாக்டர். ஆனால் ஐடாவுக்கோ மிஷனெரி வாழ்க்கையே பிடிக்கவில்லை. அமெரிக்காவில் படித்து, அங்கேயே வசதியாக வாழ வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. 1890-இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். வந்தது, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான்.

ஒரு நாள் ராத்திரி கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண வாலிபர். மனைவிக்குப் பிரசவ வேதனை, ஐடா வர வேண்டும் என்று கெஞ்சினார். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர் என்றார் ஐடா. அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று அவர் போய்விட்டார். அதே ராத்திரி ஒரு முஸ்லிம் சகோதரரும், அடுத்து இன்னொரு இந்து சகோதரரும் வந்தார்கள். அதே வேதனை, அதே பதில். விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்துப்போன செய்தி வந்தது. ராத்திரி முழுவதும் தூங்காமல் ஜெபித்த ஐடா, டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று தீர்மானம் சொன்னார்.

1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி, வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழும்பியது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒரு டாக்டரம்மா எத்தனை பேரைப் பார்க்க முடியும்? ஆபரேஷன் முடிந்த பிறகு ராத்திரியெல்லாம் கண் விழிப்பது யார்? புண்ணைக் கழுவுவது யார்? அந்தக் காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு இது அடாத வேலை என்றார்கள். ரத்தம், தீட்டு, அந்நியரைத் தொடுவது என்று ஒதுக்கினார்கள். அப்படிப்பட்ட நாளில் 1909-இல் ஐடா நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918-இல்தான்! டாக்டர் பள்ளிக்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே நர்ஸ் பள்ளி. 1946-இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியானது. நம் நாட்டில் முதன்முதலாக நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய இடங்களில் வேலூரும் ஒன்று.

கல்யாணம் செய்யாமலே உழைத்த ஐடா, 1960-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி கொடைக்கானலில், 89-வது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அந்த மூன்று பெண்களை இன்று நினைத்துப் பாருங்கள். 2018-இல் மத்திய அரசு பிரசவ சேவைக்குப் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டது. நர்சிங் முடித்துப் பதிவு பெற்றவர்கள் 18 மாதம் விசேஷப் பயிற்சி எடுத்து, 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி' ஆகலாம். சுகப்பிரசவத்தைத் தாங்களே பொறுப்பெடுத்துப் பார்ப்பார்கள். சிக்கல் வந்தால் உடனே டாக்டரிடம் அனுப்புவார்கள். அந்த ராத்திரி திண்டிவனத்தில் அப்படி ஒரு சகோதரி இருந்திருந்தால்?

பெற்றோரே, உங்கள் மகள் நர்சிங் படிக்கிறேன் என்றால், நைட் டியூட்டி ஆச்சே, வரன் அமையுமா என்று தடுக்காதீர்கள். வாலிப சகோதரிகளே, ஸ்டாஃப் நர்ஸ் ஆனதோடு நின்றுவிட வேண்டாம், மேலே படியுங்கள். கதவு இன்னும் தட்டப்படுகிறது. திறந்து, நான் வருகிறேன் என்று சொல்ல நம் சபையிலிருந்து ஒரு மகள் எழும்பட்டும். ஆமென்.