தயிர்க் கிண்ணமும் நூறு வயதும்: இலியா மெச்னிகோவ் (1845–1916)

நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறையாவது நீண்ட ஆயுளுக்கு வழி சொல்லும் செய்தி ஒன்று வந்துவிடுகிறது. காலையில் வெறும் வயிற்றில் இதைக் குடியுங்கள், இந்த ஊரில் எல்லோரும் நூறு வயது வாழ்கிறார்கள், இந்த மாத்திரை முதுமையை நிறுத்திவிடும் என்று ஏதாவது ஒன்று. யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு இப்படிப்பட்ட ஒரு செய்தி உலகம் முழுவதும் பரவியது. தினமும் புளித்த பால் சாப்பிட்டால் முதுமை தள்ளிப்போகும் என்பதே அது. ஆனால் அதைச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. பிற்பாடு நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி. முதுமையை ஆராயும் துறைக்கு ‘ஜெரன்டாலஜி’ என்று பெயர் வைத்தவரே அவர்தான். பெயர் இலியா மெச்னிகோவ். அவர் கேட்ட கேள்வி சரியானது. கண்ட விடையில் பாதி தவறு. வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களும், நாமே பெரியவர்களாகிக்கொண்டிருப்பவர்களும் இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

காசு கொடுத்துப் பாடம் நடத்திய சிறுவன்

இன்று உக்ரைனில் இருக்கும் கார்கிவ் பகுதியில், அன்றைய ரஷ்யப் பேரரசில், 1845-ல் பிறந்தார் மெச்னிகோவ். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. செடி கொடிகளையும் பூச்சிகளையும் பார்த்துக் குறிப்பெழுதுவதுதான் சிறுவயது விளையாட்டு. எழுதியதைக் கேட்க ஆள் வேண்டுமே? மற்ற பிள்ளைகளுக்குத் தன் கைக்காசைக் கொடுத்து உட்கார வைத்துப் பாடம் நடத்துவாராம்!

கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் படிப்பை இரண்டே வருடத்தில் முடித்தார். பிறகு ஜெர்மனியிலும் இத்தாலியிலும் கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்தார். அவர் மருத்துவர் அல்ல, விலங்கியல் படித்தவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு முறை உயிரை விடத் துணிந்தவர்

1869-ல் லுட்மிலா என்ற பெண்ணை மணந்தார். மணப்பெண்ணுக்கு ஏற்கெனவே உடல்நிலை மோசம். தேவாலயத்துக்குள் நடந்து போகக்கூடத் தெம்பு இல்லாததால் நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். காசநோய். அன்று அதற்கு மருந்து கிடையாது. நல்ல காற்றுள்ள ஊருக்கு அழைத்துப் போவதுதான் ஒரே வைத்தியம். மெச்னிகோவ் கடன்பட்டு, கூடுதல் வேலை பார்த்து, மனைவியை ஊர் ஊராக அழைத்துச் சென்றார். 1873-ல் மதேரா தீவில் லுட்மிலா இறந்தார்.

அந்தத் துயரத்தில் மெச்னிகோவ் அளவுக்கு மீறி மார்பின் உட்கொண்டார். அளவு மிக அதிகமானதால் வாந்தியாகி உயிர் பிழைத்தார். அதற்குப் பின் ஓர் இரவு, விளக்கைச் சுற்றிப் பறந்த பூச்சிகளைப் பார்த்தபோது, இத்தனை குறுகிய ஆயுள் கொண்ட உயிர்களுக்கு இயற்கைத் தேர்வு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி மனதில் எழுந்ததாம். அந்தக் கேள்வி அவரை மறுபடி வேலைக்கு இழுத்து வந்தது என்று அவரது வாழ்க்கை வரலாற்றில் இரண்டாவது மனைவி ஓல்கா எழுதியிருக்கிறார்.

அந்த ஓல்காவைச் சந்தித்த விதம் நம் போன்ற அடுக்குமாடிவாசிகளுக்குப் பிடிக்கும். ஒடெஸ்ஸா நகரில் மெச்னிகோவ் குடியிருந்த வீட்டுக்கு மேல் மாடியில் ஒரு பெரிய குடும்பம். அதிகாலையிலேயே பிள்ளைகள் போடும் சத்தம் தாங்கவில்லை. புகார் சொல்லப் போனார், அறிமுகமானார், அந்த வீட்டுப் பெண்ணுக்கு விலங்கியல் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1875-ல் கல்யாணம். நம் சங்கத்துக்கு வரும் சத்தப் புகார்கள் எல்லாமே இப்படி முடிந்தால் செயலாளருக்கு வேலையே இருக்காது!

ஆனால் நிம்மதி நீடிக்கவில்லை. ஓல்காவுக்குக் கடுமையான டைபாய்டு வந்தது. மெச்னிகோவுக்கு இதயக் கோளாறும் தூக்கமின்மையும். நாட்டில் அரசியல் கொந்தளிப்பு. 1881-ல், விட்டு விட்டுத் திரும்பும் ஒருவகைக் காய்ச்சல் கண்ட நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பில் செலுத்திக்கொண்டார். அந்த நோய் ரத்தத்தின் வழியே தொற்றுமா என்று பார்ப்பது நோக்கம். உயிர் போனால் போகட்டும் என்பதும் உள்ளே இருந்தது. கடும் காய்ச்சலில் விழுந்து மறுபடி பிழைத்தார்.

அதே 1881-ல் அவருடைய அண்ணன் இவான் இலியிச் நோயுற்று இறந்தார். துலா நகர நீதிமன்றத்தில் பணியாற்றியவர் அவர். டால்ஸ்டாய் எழுதிய ‘இவான் இலியிச்சின் மரணம்’ என்ற குறுநாவலுக்குத் தூண்டுதலாக இருந்தது அந்த மரணம்தான். கதையைப் படித்தவர்களுக்கு, மெச்னிகோவ் ஏன் வாழ்நாள் முழுக்க நோயையும் மரண பயத்தையும் பற்றியே யோசித்தார் என்பது எளிதில் புரியும்.

ரோஜா முள் சொன்ன சேதி

1882 இறுதியில் இத்தாலியின் மெஸ்ஸினாவில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒருநாள் எல்லோரும் குரங்கு வேடிக்கை பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நுண்ணோக்கியோடு வீட்டில். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உள்ளே சில செல்கள் நகர்ந்து திரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்புக்குள் வேண்டாத பொருள் ஏதாவது நுழைந்தால் இந்தச் செல்கள் அதைச் சூழ்ந்து தாக்குமோ என்று திடீரெனத் தோன்றியது.

தோட்டத்தில் இருந்த ரோஜாச் செடியிலிருந்து சில முட்களை எடுத்து வந்து அந்தக் குஞ்சுகளின் உடலில் குத்தி வைத்தார். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. நம் விரலில் சிலாம்பு ஏறினால் அந்த இடம் வீங்கிச் சீழ் வைக்கிறதே, அதே வேலைதான்.

கிருமிகளை விழுங்கி அழிக்கும் இந்தச் செல்களுக்கு ஃபேகோசைட் என்று பெயர் வந்தது. ‘விழுங்கும் செல்’ என்று பொருள். வீக்கமே நோய் என்று பலர் நினைத்திருந்த காலத்தில், அது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சி என்றார் மெச்னிகோவ். ஜெர்மன் அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. ரத்தத்தில் கரைந்துள்ள பொருட்களே கிருமிகளைக் கொல்கின்றன என்பது அவர்கள் கட்சி. இந்த வாதம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. கடைசியில் இரண்டு தரப்பும் சரிதான் என்று தெரிந்தது. 1908-ல் மெச்னிகோவுக்கும், எதிர்த் தரப்பின் பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள்.

இடையில் 1886-ல் ஒடெஸ்ஸாவில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடும் நிலையத்துக்குத் தலைவரானார். மருத்துவப் பட்டம் இல்லாதவர் என்று உள்ளூர் மருத்துவர்கள் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெறுத்துப்போய்ப் பாரிஸ் சென்றார். 1888-ல் லூயி பாஸ்டர் தன் புதிய நிலையத்தில் அவருக்கு ஓர் ஆய்வகம் கொடுத்தார். சாகும்வரை, 28 ஆண்டுகள், அங்கேயே வேலை.

நம் நாட்டுக்கும் இங்கே ஒரு தொடர்பு உண்டு. ஒடெஸ்ஸாவில் மெச்னிகோவிடம் படித்த வால்டெமர் ஹாஃப்கின் அவரைத் தொடர்ந்து பாஸ்டர் நிலையத்துக்கு வந்தார். முதலில் நூலக வேலைதான் கிடைத்தது. அந்த ஹாஃப்கின்தான் பிறகு இந்தியா வந்து காலராவுக்குத் தடுப்பூசி போட்டார், 1897-ல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கினார். மும்பையில் இன்றும் அவர் பெயரில் நிலையம் இருக்கிறது.

முதுமை ஏன் இப்படி இருக்க வேண்டும்?

ஐம்பது வயதைத் தாண்டியதும் மெச்னிகோவின் கவனம் முதுமையின் பக்கம் திரும்பியது. வயதாவது இயற்கை, சரி. ஆனால் ஏன் இத்தனை வலியோடும் தளர்ச்சியோடும் ஆக வேண்டும்? நோய்க்குக் காரணம் தேடுவது போல முதுமைக்கும் காரணம் தேடக்கூடாதா? 1903-ல் வெளிவந்த மனித இயல்பு பற்றிய தன் நூலில்தான் ஜெரன்டாலஜி என்ற சொல்லைப் பயன்படுத்தினார். முதுமை என்பது விதி என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த காலத்தில் அதை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தது பெரிய காரியம்.

அவர் கண்ட விடை இது. பெருங்குடலில் வாழும் சில கிருமிகள் உணவை அழுக வைத்து நஞ்சு உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு உடம்பின் செல்களைப் பலவீனப்படுத்துகிறது. பலவீனமான செல்களை விழுங்கும் செல்களே தின்றுவிடுகின்றன. முடி நரைப்பதும் மூளை தளர்வதும் அதனால்தான். பாலைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அமிலம் உண்டாக்குகின்றன, அமிலத்தில் அழுக வைக்கும் கிருமிகள் வளராது. ஆகவே புளித்த பால் சாப்பிட்டால் குடல் சுத்தமாகும், ஆயுள் கூடும். பல்கேரியாவில் புளித்த பால் சாப்பிடும் கிராமத்தார் நெடுநாள் வாழ்கிறார்கள் என்ற தகவலையும் ஆதாரமாகக் காட்டினார். அந்தப் பால் புளிப்பதற்குக் காரணமான நுண்ணுயிரை 1905-ல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் கண்டுபிடித்திருந்தார்.

1904-ல் பாரிஸில் முதுமை பற்றி மெச்னிகோவ் ஆற்றிய சொற்பொழிவைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. எச்சரிக்கையாகச் சொன்ன பகுதிகள் உதிர்ந்துபோய், புளித்த பால் முதுமையைத் தடுக்கும் என்பது மட்டும் மிஞ்சியது. மருந்துக்கடைகளில் புளித்த பாலும், அந்த நுண்ணுயிர் அடங்கிய மாத்திரையும் விற்பனைக்கு வந்தன. 1919-ல் பார்சிலோனாவில் ஐசக் கராசோ தொடங்கிய டானோன் தயிரும் முதலில் மருந்துக்கடைகளில்தான் விற்றது. லண்டனில் ஓர் அறுவை மருத்துவர் மலச்சிக்கல் நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுக்கும் அளவுக்குப் போனார்.

மெச்னிகோவ் ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தினமும் புளித்த பால் சாப்பிட்டார். மது, புகை இரண்டும் இல்லை. பச்சைக் காய்கறியைத் தொடமாட்டார், பழத்தையும் வெந்நீரில் போட்டு எடுத்துத்தான் உண்பார். 1909-ல் டால்ஸ்டாயைச் சந்தித்து நாள் முழுவதும் பேசினார். விஞ்ஞானம் எல்லாவற்றுக்கும் விடை தரும் என்பதை அந்தப் பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசிக் கணக்கு

முதல் உலகப் போர் தொடங்கியதும் பாரிஸ் ஆய்வகம் வெறிச்சோடியது. மாணவர்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். அவரது இதயமும் பழுதடைந்தது. 1916 ஜூலை 15 அன்று, பாஸ்டர் நிலையத்தில் பாஸ்டர் குடியிருந்த வீட்டிலேயே, 71-வது வயதில் இறந்தார். தன் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்யும்போது குடலைக் கவனமாகப் பார்க்கும்படி மருத்துவ நண்பரிடம் சொல்லிவைத்திருந்தார். அஸ்தி இன்றும் அந்த நிலையத்தின் நூலகத்தில் இருக்கிறது.

நூறு வயதுக்கு வழி சொன்னவர் 71-ல் போய்விட்டாரே என்று அன்றும் கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் ஒருவர் எத்தனை வருடம் வாழ்ந்தார் என்பதை வைத்து ஒரு கருத்து சரியா தவறா என்று முடிவு செய்ய முடியாது. பல்கேரியக் கிராமத்துப் பெரியவர்களை வைத்து அவர் செய்த முடிவிலும் இதே குறைதான் இருந்தது. புளித்த பால் சாப்பிட்டவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்பதாலேயே பால்தான் காரணம் என்று ஆகிவிடாது. உழைப்பு, காற்று, பரம்பரை என்று வேறு எத்தனையோ இருக்கலாம். அவர்கள் சொன்ன வயது சரிதானா என்பதே ஒரு கேள்வி. அந்தப் பல்கேரிய நுண்ணுயிர் மனிதக் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

அப்படியானால் மிஞ்சியது என்ன? நிறையவே மிஞ்சியிருக்கிறது. இதய ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைப்பு ஏற்படும் இடத்தில், கொழுப்பை விழுங்கி உப்பிப்போய்க் கிடப்பவை மெச்னிகோவ் கண்ட அதே வகைச் செல்கள்தான். அல்சைமர் நோயை ஆராய்பவர்கள் மூளையில் இருக்கும் விழுங்கும் செல்களை இன்று கூர்ந்து கவனிக்கிறார்கள். முதுமையில் உடம்பெங்கும் மெல்லிய அழற்சி நீடிப்பது பல நோய்களுக்குத் துணைபோகிறது என்ற கருத்தும் வலுவடைந்திருக்கிறது. குடல் நுண்ணுயிர்களின் ஆராய்ச்சி தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. அவர் கை காட்டிய திசை தவறவில்லை, அந்தத் திசையில் ஒரே ஒரு கிண்ணத்தில் மருந்து இருக்கிறது என்று நினைத்ததுதான் தவறு.

தயிரை விட்டுவிடுங்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. தயிர் நல்ல உணவு, ஒத்துக்கொள்பவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் ஆயுளைக் கூட்டும் என்று விலை உயர்ந்த பொடியோ மாத்திரையோ குழுவில் பகிரப்படும்போது, வாங்கும் முன் மூன்று கேள்வி கேட்போம். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? அதைச் சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? சொல்பவரே விற்பவரா? சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடும் நம் பெரியவர்கள், புதிதாக எதைத் தொடங்குவதாக இருந்தாலும் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.