கம்ப்யூட்டருக்குள் கைகாட்டி நட்ட டைக்ஸ்ட்ரா

மீஞ்சூர் ஸ்டேஷனுக்கு முன்னால் சிவப்பு விழுந்தால் கும்மிடிப்பூண்டி ரயில் நின்றுதான் ஆகணும். அந்த ஒழுங்கை கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா.

1930-ல் நெதர்லாந்தின் துறைமுக நகரமான ராட்டர்டாமில் பிறந்தார். 1957-ல் திருமணப் பதிவில் தன் தொழில் புரோகிராமர் என்றார். அப்படியொரு தொழிலே இல்லையென்று அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள்.

1960-களில் அவர் தந்தது செமஃபோர். ரயில்வே கைகாட்டியின் பெயர்தான். உங்கள் ஆப் ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளை அனுப்பும். பதில்கள் முன்னபின்ன வரும். இரண்டு த்ரெட் ஒன்றாகப் பதில் வரிசையில் கைவைத்தால் ஒரு பதில் தொலைந்துபோகலாம். அது பணம் போய்ச் சேர்ந்த தகவலாகவும் இருக்கலாம். ஒரு செமஃபோர் ஒருவரை மட்டும் உள்ளே விடும்; இன்னொன்று, வரிசை காலியென்றால் எடுக்க வந்தவரைத் தூங்கவைத்து, பதில் வந்ததும் எழுப்பும்.

இல்லாத தொழில்காரருக்கு 1972-ல் டூரிங் விருது கிடைத்தது. 2002-ல் மறைந்தார்.