ஆந்தையின் காலில் ஒரு பொய்

பெண்ணாடத்தில் பானை வாங்கும் பெண்ணை எளிதில் ஏமாற்ற முடியாது. பானையைக் கையில் எடுப்பாள். விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவாள். கணீர் என்று ஓசை வந்தால் விலை பேசுவாள். ஓசை அடைத்தால் கீழே வைத்து விடுவாள். பக்கத்து ஊரான விருத்தாசலத்தில் செய்யும் பீங்கான் சாமானுக்கும் இதே சோதனைதான். செய்தவர் எவ்வளவு பெரிய கைகாரர் என்று அவள் கேட்பதில்லை. பானையைத்தான் கேட்பாள்!

லண்டன் நகரத்து மியூசியம் ஒன்றில், உலகம் போற்றும் அறிஞர்கள் சுமார் 20 ஆயிரம் பறவைகளைத் தட்டிப் பார்க்காமல் வாங்கி வைத்தார்கள். கொடுத்தவர் அவ்வளவு பெரிய மனிதர். 40 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பெண் வந்தார். தட்டிப் பார்த்தார். கீறல் தெரிந்தது!

அந்தப் பெரிய மனிதரின் பெயர் கர்னல் ரிச்சர்டு மைனர்ட்ஷாகன். அவர் சொன்ன பொய் ஒன்று, நம் நாட்டுச் சிறு ஆந்தை ஒன்றின் காலில் கட்டிக் கிடந்தது. அந்தக் கதை இது.

பணக்கார வீட்டுப் பிள்ளை

மைனர்ட்ஷாகன் 1878-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி லண்டனில் பிறந்தார். முன்னோர்கள் ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள். தந்தை பெரிய பாங்கி முதலாளி. வீட்டில் 10 குழந்தைகள். அரண்மனை போன்ற வீடு. சுற்றிலும் தோப்பும் ஆறும்.

ரிச்சர்டுக்கும் அவருடைய அண்ணன் டேனியலுக்கும் பறவை என்றால் உயிர். கழுகும் பருந்தும் கூண்டில் வளர்த்தார்கள். அண்ணன் பறவைகளை அழகாகப் படம் வரைவார். அந்த அண்ணன் 1898-ல் இளம் வயதிலேயே இறந்து போனார். தம்பியின் பறவைப் பித்து மட்டும் சாகும் வரை போகவில்லை.

பாங்கி வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. 1899-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். முதலில் இந்தியாவுக்கு வந்தார். பிறகு 1902-ல் ஆப்பிரிக்காவுக்குப் போனார்.

அங்கே காட்டில் ஒரு ராட்சதப் பன்றி இருப்பதாகப் பேச்சு இருந்தது. விஞ்ஞான உலகம் அதைக் கண்டதில்லை. அதன் தோலையும் எலும்பையும் 1904-ல் லண்டனுக்கு அனுப்பி வைத்தவர் மைனர்ட்ஷாகன். அந்தப் பன்றிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 26!

அவர் மூடர் அல்லர். கண் கூர்மையானவர். உழைப்பாளி. இதை மறக்கக் கூடாது.

தலைவனைச் சுட்டார்

கென்யா நாட்டில் நந்தி என்ற மக்கள் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் போராடினார்கள். அவர்களுடைய தலைவர் கொய்தாலெல். 1905-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி, சமாதானம் பேசுவதற்கென்று இருவரும் சந்தித்தார்கள். அந்த இடத்திலேயே கொய்தாலெலை மைனர்ட்ஷாகன் சுட்டுக் கொன்றார். தம்மைக் கொல்ல அவர்கள் சதி செய்ததாகக் காரணம் சொன்னார். ராணுவ விசாரணை நடந்தது. அவர் மேல் குற்றம் இல்லை என்று முடிந்தது. ஆனால் அவரை ஆப்பிரிக்காவில் இருந்து மாற்றி விட்டார்கள். நந்தி மக்கள் அதை இன்றும் நம்பிக்கைத் துரோகமாகவே சொல்லுகிறார்கள்.

பையில் வைத்த பொய்

முதல் உலகப் போர் வந்தது. 1917 அக்டோபரில் பாலஸ்தீனத்தில் துருக்கியரை எதிர்த்து ஆங்கிலேயர் போரிட்டார்கள். அவர்கள் தாக்க நினைத்த ஊர் பீர்ஷெபா. ஆனால் காசாவைத் தாக்கப் போவதாகத் துருக்கியரை நம்ப வைக்க வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? பொய்க் காகிதங்களை ஒரு பையில் வைத்தார்கள். ஒரு வீரர் குதிரையில் போனார். எதிரி துரத்தினான். பயந்து ஓடுகிறவர் போலப் பையைக் கீழே போட்டு விட்டு வந்தார்.

அந்தத் தந்திரமும் தமது, குதிரையில் போனவரும் தாமே என்று மைனர்ட்ஷாகன் எழுதி வைத்தார். உலகம் நம்பியது. புத்தகங்களிலும் சினிமாவிலும் அந்தக் கதை வந்தது. யோசனை வேறொரு அதிகாரியுடையது என்று பிரையன் கார்ஃபீல்ட் என்பவர் 2007-ல் எழுதிய புத்தகம் எடுத்துக் காட்டியது.

பொய்க் காகிதத்தால் எதிரியை ஏமாற்றிய கதை அவருக்குப் புகழ் தந்தது. அதே வித்தையை அவர் நண்பர்களிடமும் காட்டினார். அதுதான் கொடுமை!

காகிதச் சீட்டின் மகிமை

மியூசியத்துப் பறவை எப்படி இருக்கும்? பறவையின் தோலை இறகோடு உரிப்பார்கள். உள்ளே பஞ்சு அடைப்பார்கள். தைத்துக் காய வைப்பார்கள். காலில் ஒரு சிறு சீட்டுக் கட்டுவார்கள். எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் பிடித்தது என்று அதில் எழுதி இருக்கும்.

அந்தச் சீட்டுதான் உயிர். எந்தப் பறவை எங்கே வாழ்கிறது, எந்த மாதத்தில் எங்கே போகிறது என்பதை எல்லாம் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்து கொள்கிறார்கள். சீட்டில் பொய் இருந்தால் பறவை இருந்தும் பயன் இல்லை. பத்திரத்தில் எல்லையைத் திருத்தி எழுதியது போலத்தான்.

மைனர்ட்ஷாகன் நாடு நாடாகப் போய்ப் பறவை சேர்த்தார். பெரிய பெரிய நூல்கள் எழுதினார். ஆனால் மியூசியத்து ஊழியர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அவர் வந்து போனால் சில பறவைகள் குறைந்தன! அனுமதி இல்லாமல் பறவைகளை எடுத்துச் சென்றதற்காக 1919-ல் அவருக்குப் பறவை அறைக்குள் நுழையத் தடை போட்டார்கள். 18 மாதம் தடை இருந்தது. பெரிய மனிதர் ஒருவர் பரிந்து பேசினார். கதவு மறுபடி திறந்தது.

அதன் பிறகும் சந்தேகம் தீரவில்லை. கிசுகிசுப்பாகப் பேசிக் கொண்டார்கள். சார்லஸ் வோரி என்ற அமெரிக்கப் பறவை நிபுணர், இவர் பறவைகளைத் திருடிச் சீட்டை மாற்றுகிறார் என்று தனிக் கடிதத்தில் எழுதினார். அச்சில் ஒருவரும் எழுதவில்லை. கர்னலைக் குற்றம் சொல்லலாமா? போர் வீரர் பொய் சொல்லுவாரா? இப்படி எண்ணி வாயை மூடிக் கொண்டார்கள்.

சலீம் அலியுடன் பயணம்

நம் நாட்டுப் பறவை அறிஞர் சலீம் அலியும் அவரை மதித்தார். 1937-ல் இருவரும் ஆப்கானிஸ்தானத்துக்குப் பறவை ஆராயப் போனார்கள். கூட வந்த சலீம் அலியைப் பற்றி மைனர்ட்ஷாகன் தமது நாட்குறிப்பில் இளக்காரமாக எழுதினார். பிற்காலத்தில் சலீம் அலி அதைப் படித்தார். கோபப்படவில்லை. தமது சுயசரிதையில் அந்த வரிகளைத் தாமே எடுத்துச் சேர்த்தார். எத்தனை பெரிய மனம்!

1954-ல் மைனர்ட்ஷாகன் தம்முடைய பறவைகளை எல்லாம் லண்டன் மியூசியத்துக்குத் தானமாகக் கொடுத்தார். 1957-ல் அரசாங்கம் பட்டம் அளித்தது. 1967-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி, 89-வது வயதில் காலமானார். வீரர், அறிஞர், வள்ளல் என்ற புகழோடு போனார்.

காணாமல் போன ஆந்தை

இப்போது நம் நாட்டு ஆந்தைக்கு வருவோம்.

மத்திய இந்தியக் காடுகளில் வாழும் சிறு ஆந்தை அது. ஒரு சாண் உயரம். பல ஆந்தைகள் போல் அல்லாமல் பகலிலும் வெளியே வரும். 1872-ல் இப்போதைய சத்தீஸ்கரில் முதல் பறவை கிடைத்தது. அதற்கு 1873-ல் விஞ்ஞானப் பெயர் வைத்தவர் ஹியூம். பிறகு 1885-ல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான்!

1880-களில் டேவிட்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, மராட்டிய நாட்டுக் கான்தேஷ் பகுதியில் சில ஆந்தைகளைப் பிடித்தார். 1884-க்குப் பிறகு அந்த ஆந்தை யார் கண்ணிலும் படவில்லை. ஒரே ஒருவர் மட்டும் பிடித்ததாகச் சீட்டு இருந்தது. 1914-ல் குஜராத்தில் தபதி ஆற்றங்கரையில் உள்ள மாண்ட்வியில் கிடைத்தது என்று அதில் எழுதி இருந்தது. பிடித்தவர் பெயர் மைனர்ட்ஷாகன்!

கடைசியாகக் கிடைத்த இடம் அதுதானே? ஆந்தையைத் தேடியவர்கள் அந்தச் சீட்டை நம்பிப் போனார்கள். ஆந்தை இல்லை. எப்படி இருக்கும்? பூண்டோடு அழிந்து விட்டது என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள்.

பஞ்சு சொன்ன சாட்சி

1993-ல் ஆலன் நாக்ஸ் என்பவர் மைனர்ட்ஷாகனின் சில பறவைகளைச் சோதித்து, அவர் செய்தது மோசடி என்று முதன்முதலாக அச்சில் எழுதினார். அந்தச் சமயத்தில் பமேலா ராஸ்முசென் என்ற அமெரிக்கப் பெண்மணி தெற்கு ஆசியப் பறவைகளைப் பற்றி ஒரு நூல் தயாரித்துக் கொண்டிருந்தார். மைனர்ட்ஷாகனின் சீட்டுகளை நம்பலாமா என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. லண்டன் மியூசியத்தின் பிரிஸ்-ஜோன்சுடன் சேர்ந்து ஒவ்வொரு பறவையாகச் சோதித்தார்.

பறவையைப் பதம் செய்வதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. தையல்காரரின் தையலைப் பார்த்தே ஆளைச் சொல்லுவது போல, பறவையின் தையலையும் பஞ்சையும் பார்த்து ஆளைச் சொல்லலாம்.

மாண்ட்வி ஆந்தையை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு முறை தைத்துப் பிரித்து, மறுபடி பஞ்சு அடைத்துத் தைத்த அடையாளம் தெரிந்தது. உள்ளே பழைய வேலையின் மிச்சம் இருந்தது. அது டேவிட்சனின் கைவேலை! அவர் 1880-களில் பிடித்து மியூசியத்துக்குப் போன ஆந்தையைத் திருடி, பஞ்சு மாற்றி, புதுச் சீட்டுக் கட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார் மைனர்ட்ஷாகன். திருடிய வீட்டுக்கே திருட்டுப் பொருளைத் தானம் செய்திருக்கிறார்! இந்த விவரம் 1999-ல் அச்சில் வந்தது.

பணத்துக்காகவா? இல்லை. பணம் அவரிடம் நிறைய இருந்தது. மற்றவர்கள் காணாததைத் தாம் கண்டதாகப் பெயர் வந்தது. அவ்வளவுதான்!

ஆந்தை விழித்தது

மாண்ட்வி பொய் என்றால் மெய்யான இடம் எது? ராஸ்முசென் அந்தச் சீட்டை ஒதுக்கினார். மற்றப் பழைய சீட்டுகளில் இருந்த ஊர்களை மட்டும் எடுத்துக் கொண்டார். பென் கிங், டேவிட் அபட் என்ற இரு நண்பர்களுடன் 1997 நவம்பரில் இந்தியா வந்தார். முதலில் கிழக்குப் பக்கத்துக் காடுகளில் தேடினார்கள். காணவில்லை. பிறகு கான்தேஷில் உள்ள ஷஹாதா என்ற ஊருக்கு வந்தார்கள்.

நவம்பர் 25-ந் தேதி காலை. இலை உதிர்ந்த மரத்தில் ஒரு சிறு ஆந்தை உட்கார்ந்திருந்தது. பட்டப்பகலில்! அதுவேதான். 113 ஆண்டுகள் காணாமல் போயிருந்த ஆந்தை!

அது எங்கும் போகவில்லை. தன் காட்டிலேயே இருந்தது. மனிதர்கள்தான் பொய்ச் சீட்டை நம்பி வேறு இடத்தில் தேடினார்கள். அதற்குள் காடு எவ்வளவோ குறைந்து விட்டது. பிறகு மேல்காட் முதலிய காடுகளிலும் அந்த ஆந்தை இருப்பது தெரிய வந்தது. இருந்தாலும் எண்ணிக்கை குறைவுதான். முன்பே தெரிந்திருந்தால் முன்பே காப்பாற்றத் தொடங்கி இருக்கலாம். ஒரு துண்டுக் காகிதப் பொய்யின் விலை அது.

மெய்கண்டார் பிறந்த ஊர்

பெண்ணாடத்துக்கு மற்றொரு பெருமை உண்டு. 13-ம் நூற்றாண்டில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் பிறந்த ஊர் அது. அவரைப் பற்றி ஒரு கதை சொல்லுவார்கள். மெய்கண்டார் சிறு பிள்ளையாக இருந்து பாடம் சொல்லும்போது, அவர் குடும்பத்துக் குருவான அருணந்தி என்ற முதிய பண்டிதர் வந்தார். இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் அவருக்கு. ஆணவம் எப்படி இருக்கும் என்று கேட்டார். பிள்ளை வாய் திறக்கவில்லை. நின்று கொண்டிருந்த அவரையே சுட்டிக் காட்டியது. பண்டிதருக்கு உறைத்தது. வயதையும் பட்டத்தையும் பாராமல் அந்தப் பிள்ளைக்கே சீடர் ஆனார்.

சமயக் கதையிலேயே பெரியவரின் பெருமை மெய்யின் முன்னால் தலை வணங்குகிறது. விஞ்ஞானத்திலோ, லண்டன் அறிஞர்கள் மெய்யை விட்டுப் பெரியவருக்குத் தலை வணங்கினார்கள். ஒருவர் வாக்கை வேதவாக்காக வைத்துக் கும்பிட்டால் அங்கே விஞ்ஞானம் நின்று விடும். பொய் சொல்லுகிறவருக்கு அதை விட வசதி வேறு இல்லை.

அதற்காக விஞ்ஞானமே பொய் என்று தள்ளி விடலாமா? கூடாது. மைனர்ட்ஷாகனின் பொய்யைக் கண்டுபிடித்தவர்களும் விஞ்ஞானிகள்தாம். அவர்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. பெண்ணாடத்துப் பெண் பானைக்குச் செய்வதைப் பறவைக்குச் செய்தார்கள்.

கொடுத்தவர் யார் என்று பார்க்கவில்லை. தட்டிப் பார்த்தார்கள்!